ஊறிய தண்ணீரைக் கொட்டலாமா?

ஜெர்மனியின் தென்மேற்கே சுவாபியா என்ற பகுதி இருக்கிறது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் அங்கே 'ஹுட்செல் ரொட்டி' சுடுவார்கள். ஹுட்செல் என்றால் பேரிக்காய் வற்றல்.

இது ஏழைகளின் இனிப்பு! ஒரு காலத்தில் சர்க்கரை அங்கே கடல் கடந்து வந்தது. பணக்காரர் வீட்டுப் பண்டமாக இருந்தது. 19-ம் நூற்றாண்டில் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகள் பெருகிய பிறகே விலை இறங்கியது. அதுவரை குடியானவர்கள் என்ன செய்தார்கள்? தோட்டத்துப் பேரிக்காயை, ரொட்டி சுட்ட அடுப்பின் மிச்சச் சூட்டில் உலர்த்தி வைத்துக்கொண்டார்கள்.

வற்றலை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப் போடவேண்டும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மாவில் சர்க்கரையை அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. இது வீண் செலவு. பழத்தின் இனிப்பு அந்தத் தண்ணீரில் அல்லவா இறங்கியிருக்கிறது! அதை விட்டுத்தான் மாவு பிசையவேண்டும்.

மாவு கொஞ்சம், பழம் அதிகம். உலர்ந்த அத்தி, திராட்சை, பருப்பு வகைகள், பட்டை, கிராம்பு எல்லாம் சேரும். ஈஸ்ட் போட்டாலும், பழத்தின் கனத்தால் ரொட்டி அவ்வளவாக உப்பாது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

சுட்டவுடன் வெட்டக்கூடாது. சில நாள் மூடி வைத்தால் ஈரம் பரவி, வாசனை ஏறும். அதுவரை பிள்ளைகளைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு! பிறகு மெல்லிய துண்டாக வெட்டி, வெண்ணெய் தடவிச் சாப்பிடுவார்கள்.