ஊறும் கிணறும் ஓடும் மோட்டாரும்

சென்ற கோடையில் எங்கள் வீட்டுக் கிணற்றை மூடிவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. சிதம்பரத்தில் தேரோடும் வீதிகளுக்குச் சற்றுத் தள்ளி அமைந்த பழைய வீடு. கொல்லையில் நாலடி விட்டமுள்ள உறைகிணறு. தாத்தா காலத்தில் இறக்கிய உறைகள். மூன்று தலைமுறை அதில் குளித்து, துவைத்து, குடித்து வாழ்ந்திருக்கிறது. இப்போது காலையில் மோட்டாரைப் போட்டால் அரை மணி நேரத்தில் காற்று வாங்கிவிடுகிறது. 'கிணறு செத்துப்போச்சு, முந்நூறு அடிக்குப் போர் போட்டுவிடலாம்' என்றார்கள் வீட்டில். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரும் வந்து இடம் குறித்துவிட்டுப் போனார்.

போர் போடுமுன் கிணற்றை ஒருமுறை தூர் வாரிப் பார்த்துவிடலாமென்று ஒருவரை அழைத்து வந்தேன். உள்ளே இறங்கி வெகுநேரம் இருந்துவிட்டு மேலே வந்த அந்தப் பெரியவர் சொன்னது ஒரே வாக்கியம்: "ஊத்து இருக்குங்க சார், நீங்கதான் அதுக்கு மூச்சு விட நேரம் குடுக்கல." நம் தலைமுறையின் நீர்ப் பஞ்சத்தைப் பற்றி நான் கேட்ட கருத்துகளில் இதைவிடத் துல்லியமானது வேறொன்றில்லை என்றே தோன்றுகிறது. இக்கட்டுரை அந்த வாக்கியத்திற்கு எழுதப்படும் உரை எனக் கொள்ளலாம்.

அன்று மாலை நூலில் கல்லைக் கட்டி அளந்து பார்த்தேன். நாலடி விட்டக் கிணற்றில் ஓரடி உயர நீர் என்பது சுமார் 350 லிட்டர். முழுவதும் இறைத்த பிறகு ஒரு மணி நேரத்தில் ஒன்றரை அங்குலம் ஊறியிருந்தது. அதாவது சுமார் 44 லிட்டர். கேட்பதற்கு அற்பமான அளவுதான். ஆனால் ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்பதை மறந்துவிடலாகாது. கணக்குப் பார்த்தால் ஆயிரம் லிட்டரைத் தாண்டுகிறது. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வகுத்த அளவு. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 675 லிட்டர் போதும். ஆக, நாங்கள் 'செத்துப்போச்சு' என்று தீர்ப்பெழுதிய கிணறு எங்கள் தேவைக்கு மேலேயே தந்துகொண்டிருந்தது. எங்களுடைய அரைக் குதிரைத்திறன் மோட்டார் நிமிடத்துக்கு 30 லிட்டர் கேட்டது. கிணற்றால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. குறைபாடு அளவில் இல்லை, வேகத்தில்தான் இருந்தது.

'இறைக்கிற கிணறு ஊறும்' என்று பழமொழி சொல்கிறோம். அதன் பொருளை நாம் பாதிதான் புரிந்துகொண்டிருக்கிறோம். கிணற்றின் நீர்மட்டம் சுற்றியுள்ள மண்ணின் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கும்போதுதான் ஊற்று உள்ளே வரும். கிணறு நிரம்ப நிரம்ப ஊறும் வேகம் குறைந்துகொண்டே போகும். ஆகவே இரவெல்லாம் நிரம்பவிட்டுக் காலையில் மொத்தமாக இறைப்பதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை இறைத்தால் அதே கிணறு கூடுதலாகத் தரும். ராட்டினத்தில் தாம்புக்கயிறு போட்டு, காலையில் பத்து வாளி, உச்சியில் ஐந்து வாளி, விளக்கு வைக்கும் நேரத்தில் பத்து வாளி என்று இறைத்த நம் பாட்டிமார், இயற்பியல் படிக்காமலே இவ்விதியைக் கடைப்பிடித்தார்கள். வாளியின் தாளத்தில் பிறந்த பழமொழியை மோட்டாருக்குப் பொருத்தியது நம் பிழை.

இதற்கான பரிகாரம் மிக எளிது; சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். மோட்டாரில் ஒரு டைமர் பொருத்தினோம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆறு நிமிடம் ஓடும். ஒவ்வொரு முறையும் 180 லிட்டர் தரைத்தொட்டியில் சேரும். அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு வேண்டும்போது ஏற்றிக்கொள்கிறோம். காலை நேரத்தின் அவசரத்தைத் தொட்டி தாங்கிக்கொள்ளும். கிணறு தன் போக்கில் ஊறிக்கொண்டிருக்கும். போருக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பகுதிகூட இதற்குச் செலவாகவில்லை.

'ஆழமாகத் தோண்டினால் ஒரேயடியாகத் தொல்லை விட்டதே' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கல்விக்கு மணற்கேணியை உவமை சொன்ன வள்ளுவர் மணலைத்தான் சொன்னார், கடலோரத்தைச் சொல்லவில்லை. கொள்ளிடத்தின் கழிமுகத்தில், பிச்சாவரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் அண்டையில் வாழும் நமக்கு ஆழம் என்பது பல இடங்களில் உப்பையே குறிக்கும். கடலோர மண்ணில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது டச்சுக்காரரான கைபனும் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட விதி. அதன் மறுபக்கம் அச்சமூட்டுவது: மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரக்கூடும். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் உப்பேறிய கிணறுகளை மோட்டார் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்ய முயன்றார்கள். இறைப்பினால் மட்டும் உப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. மிகையான இறைப்பு கீழிருக்கும் உப்பை மேலிழுக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்க வேண்டியதாயிற்று. கிணறுகளைத் தேற்றியதில் பெரும்பங்கு அடுத்து வந்த மழைக்கே உரியது.

கடலூர் மாவட்டத்துக்கு நீரையும் ஆழத்தையும் பற்றித் தனிக் கதையே உண்டு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருளொன்று வெளிப்பட்டதே நெய்வேலியின் தொடக்கம். 1956இல் நிறுவனம் அமைந்தது. பழுப்பு நிலக்கரிப் படுகையின் அடியில் பெரும் அழுத்தத்துடன் நீர் தேங்கி நிற்கிறது. அதை இடையறாது இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றிச் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வெள்ளம் புகுந்துவிடும். தண்ணீருக்காகத் தோண்டியபோது கரி கிடைத்தது. கரிக்காகத் தோண்டும்போது தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டியிருக்கிறது. இதைவிடக் கசப்பான அங்கதத்தை எந்த எழுத்தாளரும் கற்பனை செய்துவிட முடியாது. 'பொன்னியின் செல்வன்' வாசகர்கள் வந்தியத்தேவனோடு முதல் அத்தியாயத்தில் கண்டு வியந்த வீராணம் ஏரியோ, 2004 முதல் 235 கிலோமீட்டர் குழாய் வழியே சென்னையின் தாகத்தையும் தணிக்கிறது. சென்னைக்குத் தாகம் இருக்கலாகாது என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய இறைப்புகளுக்கு நடுவே ஒவ்வொரு வீட்டாரும் 'என் நிலம், என் போர்' என்று ஆழம் தேடிப் போவது எதில் சென்று முடியும் என்பதே என் கேள்வி.

என் நிலத்தடி நீர் என்னுடையது என்ற எண்ணத்துக்கு 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் வரை வேர் நீள்கிறது. அதை முறைப்படுத்த 2003இல் தமிழக அரசு இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம், நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது. சட்டம் எப்படியிருப்பினும் நீர் வேலியை அறியாது. நான் முந்நூறு அடியில் இறைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் நானூறுக்குப் போவார். இருவருக்கும் நடுவே போர் போட வசதியற்ற ஒரு குடும்பத்தின் கைப்பம்பு வெறும் காற்றை இழுக்கும். குறைவாக ஊறும் கிணற்றைக் காப்பாற்றுவது சிக்கனம் மட்டுமன்று, அயலாருக்குச் செய்யும் நியாயமும்கூட.

எடுப்பதைப் பேசினால் கொடுப்பதையும் பேசவேண்டும். இம்மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். ஆயிரம் சதுர அடி மாடியில் விழும் மழையில் ஆண்டுக்கு எண்பதாயிரம் லிட்டரைச் சேமிக்கலாம். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எங்கள் வீட்டிலும் ஒரு குழாய் வந்தது. குப்பை அடைத்த ஒரு குழியில் முடிந்து, பல்லாண்டுகள் சடங்காகவே நின்றது. இவ்வாண்டு அதைச் சுத்தம் செய்து, கூழாங்கல்லும் மணலும் இட்ட தொட்டி வழியாகக் கிணற்றோடு இணைத்திருக்கிறோம். ஊருக்கும் இதே கடமை உண்டு. ஞானப்பிரகாசர் குளமும் இளமையாக்கினார் கோயில் குளமும் நிரம்பி நின்றால் சுற்றுப்புறக் கிணறுகளுக்கு அதுவே காப்பீடு.

எல்லாக் கிணறுகளும் இப்படிப் பிழைக்கும் என்று நான் வாதிடவில்லை. ஊற்றே அற்றுப்போனவை உண்டு. ரசாயனக் கழிவால் கெட்டுப்போனவையும் உண்டு. அவற்றுக்கு டைமர் மருந்தாகாது. எனினும் மூடுமுன் ஒருநாள் அளந்து பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். ஒரு கயிறும் கல்லும் கடிகாரமும் போதும்.

நடராசர் கோயிலுக்குள் பரமானந்த கூபம் என்றொரு கிணறு உண்டு. பூசைக்கான நீர் அதிலிருந்தே எடுக்கப்படுகிறது. வேண்டிய அளவு எடுப்பதற்கு ஒரு முறையும் நேரமும் அங்கே வகுக்கப்பட்டிருக்கின்றன. கோயிலை வலம் வரும் நாம் அதை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வீட்டுக்கு வந்து மோட்டாரைப் போடும்போது அந்த முறையையும் சற்று நினைத்துக்கொண்டால் நல்லது.