விற்பனைப் பயிற்சி: ஒருநாள் வகுப்பு போதுமா?

அட்சய திருதியை, தீபாவளி நெருங்கினால் போதும், நகைக்கடைகளில் புது ஆள் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். கூடவே ஒரு ‘டிரெய்னிங்’கும் நடக்கும். ஹோட்டல் ஹால், வெளியூர் பயிற்சியாளர், கைதட்டல், மதியம் பிரியாணி, கடைசியில் குரூப் போட்டோ. மறுநாள் கவுன்ட்டருக்கு வரும் வாடிக்கையாளர், “ஏம்மா, சேதாரம் எதுக்கு இவ்ளோ போடுறீங்க?” என்று கேட்டால், புதிதாகச் சேர்ந்த பெண் சூப்பர்வைசரைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது.

தப்பு அந்தப் பெண் மீது இல்லை. பயிற்சி கொடுத்த விதத்தில் இருக்கிறது.

கேட்டது ஏன் மறந்துபோகிறது?

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்று தன்னையே சோதித்துப் பார்த்தார். 1885-ல் வெளியான அந்த ஆய்வின்படி, முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி மறந்துபோகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் மனதில் நிற்கிறது. விற்பனைப் பேச்சு வெறும் மனப்பாடம் இல்லைதான். ஆனாலும் 8 மணி நேரம் ஒரே மூச்சில் கொட்டுவதைவிட, தினமும் கடை திறக்கும் முன் 15 நிமிடம் ஒதுக்குவது நல்லது.

எதைச் சொல்லித்தர வேண்டும்?

‘தன்னம்பிக்கை’, ‘பாசிட்டிவ் எண்ணம்’ என்று ஆரம்பிப்பதில் பயனில்லை. வாடிக்கையாளர் கேட்கும் கேள்வியில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். சேதாரம் என்பது நகை செய்யும்போது வீணாகும் தங்கத்துக்கான கணக்கு; செய்கூலி என்பது வேலைக்கான கூலி. இந்த வித்தியாசத்தை இரண்டே வரியில் சொல்லத் தெரிய வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளை 6 இலக்க ஹெச்யூஐடி குறியீட்டோடுதான் விற்க வேண்டும். அந்தக் குறியீடு நகையில் எங்கே இருக்கிறது, ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அதை எப்படிச் சரிபார்ப்பது என்று செய்துகாட்டத் தெரிய வேண்டும். இதைச் சொல்லித்தர வெளியூர் நிபுணர் தேவையில்லை. ஒருவர் வாடிக்கையாளராக, ஒருவர் விற்பவராகப் பேசிப்பார்த்தால், தடுமாறும் இடம் அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில் யாருக்குப் பயிற்சி?

சூப்பர்வைசருக்கு. “விலை அதிகமா இருக்குன்னு சொன்னா, உடனே லைட் வெயிட் டிசைனைக் காட்டணும்” என்று வகுப்பில் சொல்கிறார்கள். கவுன்ட்டரில் சூப்பர்வைசரோ, “அதெல்லாம் வேணாம், பெருசை மட்டும் காட்டு” என்கிறார். புதியவர் யார் பேச்சைக் கேட்பார்? சம்பளத்தைத் தீர்மானிப்பவர் பேச்சைத்தான். சூப்பர்வைசர் மாறாமல் ஊழியரை மட்டும் மாற்ற முடியாது.

பலன் கிடைத்ததா, எப்படித் தெரியும்?

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-ல் இதற்கு நான்கு படிகளைச் சொன்னார். பயிற்சி பிடித்திருந்ததா, புதிதாகக் கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா என்பவை அவை. பல கடைகள் முதல் படியில் ‘ஃபீட்பேக் ஃபார்ம்’ வாங்கிவிட்டு, நேராக நான்காவது படியான டார்கெட்டுக்குத் தாவிவிடுகின்றன. நடுவில் இருக்கும் இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை.

இந்த இடைவெளியின் விலையைக் கொடுப்பது ஊழியர்தான். டார்கெட் வரவில்லை என்றால் இன்சென்டிவ் போகிறது. “உனக்குப் பேசவே தெரியல” என்ற பட்டமும் வருகிறது. சில மாதத்தில் அவர் வேலையை விடுகிறார். கடை மறுபடியும் புது ஆள் எடுத்து, மறுபடியும் ஹால் புக் பண்ணுகிறது.

ஹால் வாடகைக்குச் செலவாகும் பணத்தைத் தினசரிப் பயிற்சிக்குத் திருப்புவதுதான் சரி. புதியவர் தடுமாறாமல் பதில் சொல்லும் வரை, அவருடைய டார்கெட்டை நிறுத்திவைப்பதே நியாயம். சொல்லித்தராத பாடத்தில் மார்க் குறைப்பது எந்தப் பள்ளியிலும் நியாயமில்லை. கடையிலும் அப்படித்தான்.