அஸ்கிரியாவிலிருந்து பல்லேகலைக்கு

கண்டி மாணவர் நடந்தே சென்று டெஸ்ட் ஆட்டம் பார்த்த காலம் ஒன்றிருந்தது. திரித்துவக் கல்லூரிக்குரிய அஸ்கிரியா மைதானத்தில் 1983 முதல் அப்பேறு கிட்டிற்று. 2007 டிசெம்பரில் கண்டியின் மைந்தர் முத்தையா முரளிதரன் 709ஆவது விக்கெட்டை வீழ்த்தி உலக சாதனை நாட்டியதும் அங்கேதான். அதுவே அம்மைதானம் கண்ட இறுதி டெஸ்டாயிற்று.

பின்னர் மகாவலிக்கு அப்பால், பல்லேகலையில் பேரரங்கு எழுந்தது. 2010 டிசெம்பரில் அங்கு நடந்த முதல் டெஸ்டை மழை குலைத்தது. மழை பருவத்தோடு ஓயும், தூரம் ஓயுமோ?

புதிய அரங்கை நாம் குறைகூறவில்லை. அஸ்கிரியாவில் இடம் சிறிது. ஆயினும் ஆசனங்கள் பெருகினால் மட்டும் போதாது. அவற்றில் அமரச் சிறுவர் வரவும் வேண்டும். ஆட்ட நாட்களில் மாணவர்க்கென நகரிலிருந்து இலவசப் பேருந்துகள் ஓடட்டும். வருங்கால முரளிதரன் ஒருவன் பேருந்துக் கட்டணமின்றி வீட்டிலேயே தங்கிவிடலாகாது.