நோய் எதிர்ப்பும் மணித் தரமும் ஒரே வயலில்: மக்காச்சோள இனவிருத்தி குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

பொதுப்பணத்தில் நடக்கும் மக்காச்சோள ஆராய்ச்சி குறித்து, மானாவாரியில் மக்காச்சோளம் போடும் உழவர்களின் சங்கமான எங்கள் நிலைப்பாடு இது. வெப்பமண்டல மக்காச்சோளத்தில் நோய் எதிர்ப்பையும் மணித் தரத்தையும் ஒரே இனக்கூட்டத்தில், நோய் தாக்கும் வயலிலேயே சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் விளைச்சல், அப்புறம் நோய், நேரமிருந்தால் மணி என்ற வரிசையை நாங்கள் ஏற்கவில்லை. இனக்கூட்டங்களைப் பராமரிக்கும் நிதியை வெட்டி ஒட்டு ரகங்களுக்கு மட்டும் கொடுப்பதையும் எதிர்க்கிறோம்.

மக்காச்சோளம் அயல் மகரந்தத்தால் சூல்கொள்ளும் பயிர். பல ஊர் விதைகளைக் கலந்து விதைத்து, நல்ல செடிகளை மட்டும் தங்களுக்குள் சேரவிட்டு, அந்த விதையை மறுபடி விதைத்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் கிடைப்பது இனக்கூட்டம். ஒவ்வொரு சுற்றிலும் நல்ல மரபணுக்களின் பங்கு கொஞ்சம் கூடும். ஒட்டு ரகத்துக்கான தாய், தந்தை வரிசைகளையும் இதிலிருந்துதான் பிரித்தெடுக்கிறார்கள். எனவே நாங்கள் ஒட்டு ரகங்களுக்கு எதிரிகள் அல்லர். எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் விதைப்பதே அவற்றைத்தான், விளைச்சலும் அவற்றில்தான் கூடுதல். அவற்றின் ஊற்றை மூடாதீர்கள் என்பதுதான் எங்கள் பேச்சு.

இந்த ஊற்றின் வலிமையை ஆப்பிரிக்கா கண்டிருக்கிறது. 1949 வாக்கில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்த ஒரு துரு நோய் நாட்டு மக்காச்சோளத்தைச் சூறையாடியது. ஒற்றை மரபணுவை நம்பிய எதிர்ப்பை அந்தப் பூஞ்சை விரைவிலேயே முறித்தது. உழவர்களின் கலவையான நாட்டு விதைகளோ, தப்பிப் பிழைத்த செடிகளின் வழியாகச் சில ஆண்டுகளில் தாமாகவே தேறின. அமெரிக்காவில் 1970-இல் நடந்தது நேர்மாறு. அங்கே சுமார் 85 சதவீத மக்காச்சோளம் ‘டெக்சாஸ்’ எனப்படும் ஒரே ஆண்மலட்டு சைட்டோபிளாசத்தைச் சுமந்துகொண்டிருந்தது. இலைக்கருகலின் புதிய இனம் ஒன்று கிளம்பியதும் நாட்டின் மொத்த விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதம் போனது.

நாங்கள் முன்மாதிரியாகக் காட்டுவது தாய்லாந்தை. தென்கிழக்கு ஆசியாவில் அடிச்சாம்பல் நோய் வந்த வயலில் இளஞ்செடி வெளுத்து, கோடுகோடாகி, கதிரே பிடிக்காமல் நிற்கும். காசேட்சாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வெப்பமண்டல மூலங்களைக் கலந்து இனக்கூட்டம் ஒன்றை உண்டாக்கினார்கள். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த எதிர்ப்பு மூலங்களை அதில் ஏற்றி, சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்து, 1970-களின் நடுவில் ‘சுவான்-1’ ரகத்தை வெளியிட்டார்கள். அது நோயைத் தாங்கியது. அத்தோடு, அதன் மணி கெட்டியாக, ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. பிற்பாடு வெப்பமண்டல நாடுகள் பலவும் அதைத் தம் இனவிருத்திக்கு மூலமாக எடுத்துக்கொண்டன. நோய் தாங்கி, சொத்தை மணி கொடுத்திருந்தால் அதை யார் சீண்டியிருப்பார்கள்?

மணியின் சத்தை மட்டும் பார்த்து மற்றதை விட்ட கதை இந்தியாவுக்கே தெரியும். 1964-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ‘ஓபேக்-2’ மரபணு உள்ள மக்காச்சோளத்தில் புரதக் கூறுகளான லைசினும் டிரிப்டோபேனும் ஏறக்குறைய இரு மடங்கு இருப்பதை அறிவித்தார்கள். உலகமே கொண்டாடியது. இங்கும் 1970-களின் தொடக்கத்தில் சக்தி, ரத்தன், புரோட்டினா என்ற கூட்டு ரகங்கள் வந்தன. மணி சுண்ணாம்புபோல் மாவாக இருந்தது. எடை குறைந்தது, காய்வதற்கு நாளானது, கதிர் அழுகல் பிடித்தது, குதிரில் வண்டு துளைத்தது. உழவர்கள் கைவிட்டார்கள். காகிதத்தில் சத்து, குதிரில் உமி.

அதைச் சரிசெய்தவர்கள் மெக்சிகோவிலுள்ள சிம்மிட் நிறுவனத்தின் சுரிந்தர் வசலும் எவஞ்சலினா வில்லேகாஸும். ஓபேக்-2 இருந்தும் மணியைக் கெட்டியாக்கும் துணை மரபணுக்களை இனக்கூட்டங்களில் தேடிச் சேர்த்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் மணியின் கெட்டியும் புரதமும் சேர்ந்தே சோதிக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் நடந்த அந்த வேலைக்கு 2000-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. கானாவில் 1992-இல் வெளியான ‘ஒபாதன்பா’ அந்த வழியில் வந்த ரகம்தான்.

ஆனாலும், லைசின் கூடிய ரகங்களை எல்லா வட்டாரத்துக்கும் தள்ளுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஓபேக்-2 ஒடுங்கு மரபணு. பக்கத்து வயலின் சாதாரண மகரந்தம் வந்து விழுந்த மணியில் அந்தச் சத்து வராது. துண்டு துண்டான நிலத்தில் இது சின்னத் தொல்லையல்ல. தவிர, தமிழ்நாட்டு மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித்தீவனத்துக்குப் போகிறது. தீவன ஆலைகள் லைசினைத் தனியாக வாங்கிக் கலந்துகொள்கின்றன, அதற்காக மண்டியில் எங்களுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகத் தருவதில்லை. ஜாபுவா, பான்ஸ்வாரா போல மக்காச்சோள ரொட்டியே அன்றாட உணவாக இருக்கும் பழங்குடிப் பகுதிகளுக்கு இந்த ரகங்கள் முதலில் போகட்டும்.

எங்களுக்கு மணித் தரம் என்றால் பூஞ்சணம் ஏறாத கதிர், சீக்கிரம் காயும் கெட்டி மணி, முட்டைக் கருவுக்கு நிறம் தரும் மஞ்சள். பூஞ்சண நஞ்சான அஃப்ளாடாக்சின் உள்ள தீவனம் கோழியின் ஈரலைக் கெடுக்கும். நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குப் போன லோடு திரும்பி வந்தால் வாடகையும் எங்கள் தலையில்தான். கதிரின் உறை நுனிவரை மூடியிருக்கிறதா என்பதுகூட எங்கள் கணக்கில் தரம்தான். மூடாத கதிரில் மழைநீரும் புழுவும் இறங்க, பின்னாலேயே பூஞ்சை வரும். நோயும் தரமும் இப்படி ஒரே கதிரில் இருக்க, அவற்றைத் தனித்தனித் திட்டங்களாகப் பிரித்து நிதி ஒதுக்குவது எங்களுக்கு விளங்கவில்லை.

எனவே நாங்கள் கோருவது: கோயம்புத்தூரிலும் மாண்டியாவிலும் அடிச்சாம்பல் நோய்க்கென நடத்தப்படும் சோதனை வயல்களுக்கு நிதி குறையக் கூடாது. அங்கே தேறும் செடிகளின் மணியையும் கெட்டி, ஈரம், கதிர் அழுகல் மூன்றுக்கும் சோதித்த பிறகே அடுத்த சுற்றுக்கு எடுக்க வேண்டும். ரகம் வெளியிடும்போது விளைச்சலோடு இந்த விவரங்களையும் விதைப் பையிலேயே தமிழில் அச்சிட வேண்டும். மெட்டலாக்சில் விதைநேர்த்தி இருக்கிறதே, எதிர்ப்பு எதற்கு என்ற வாதத்தை ஏற்க மாட்டோம். மருந்து முளைவிட்ட சில வாரங்களுக்குத்தான் காவல், நோயின் வித்துகளோ மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இனக்கூட்டங்களின் விதை சங்கங்களுக்கும் சிறு விதை நிறுவனங்களுக்கும் கேட்டால் கிடைக்க வேண்டும். அந்த விதையை எங்கள் உறுப்பினர்களின் வயல்களில் பெருக்கி, கதிர் அழுகல் கணக்கை ஆண்டுதோறும் ஆய்வாளர்களிடம் ஒப்படைக்கச் சங்கம் தயாராக இருக்கிறது.