இணையத்தில் ஒரு சதுரங்க வீரர்

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் இணையத்தில் சதுரங்கம் ஆடுகின்றனர். "பொழுது வீண்" என்று கடிந்துகொள்ளும் பெற்றோர், சென்னை பிரக்ஞானந்தாவின் ஆட்டத்தைச் சற்றே நோக்குவாராக.

2022 பிப்ரவரியில், 16 வயதில், இணையவழிப் போட்டியொன்றில் அன்றைய உலகச் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனைக் கறுப்புக் காய்களுடன் ஆடி, 39 நகர்த்தல்களில் வென்றார். நெருக்கடியில் கலங்காமை, எதிரி பிழைபுரியும்வரை பொறுத்திருத்தல்: இவையே அவர் வலிமை. மே மாதம் மீண்டும் வென்றார். அன்று 40ஆம் நகர்த்தலில் கார்ல்சன் தம் குதிரையைப் பறிகொடுத்தார். அப்போட்டி நடந்த நாள்களில் பிரக்ஞானந்தாவுக்குப் பகலில் பள்ளித் தேர்வு, இரவில் நடுநிசி கடந்தும் ஆட்டம்! (பரீட்சை வந்தால் பலகையையே ஒளித்துவைக்கும் வீடுகளை நானறிவேன்.) இறுதியில் டிங் லிரெனிடம் சமன்முறிப்பு விரைவாட்டத்தில் தோற்றார்.

2023இல் பாகு நகர உலகக் கோப்பை இறுதியிலும் அவ்வாறே. நெடுநேர ஆட்டம் இரண்டையும் கார்ல்சனுடன் சமன்செய்தவர், கடிகாரம் விரைந்தபோது தளர்ந்தார். ரயில் நேரத்தோடு மல்லாடும் எம்போன்றோர்க்கு அத்துன்பம் விளங்கும். அவர் செம்மை செய்யவேண்டிய இடம் அதுவெனவே எண்ணியிருந்தேன். 2025 பிப்ரவரியில், நெதர்லாந்தின் விக் ஆன் ஸீயில், உலகச் சாம்பியன் குகேஷுடன் சமன்முறிப்பு. முதலாட்டத்தை இழந்தார், அடுத்த இரண்டையும் வென்றார்.