சுவருக்கும் ஒரு மாதம் கொடுங்கள்!

"அக்கா, புது வீட்டில் பூச்சு வேலை இப்போதுதான் முடிந்தது. இன்னும் பதினைந்து நாளில் கிரகப்பிரவேசம். உள் சுவருக்கு என்ன நிறம் அடித்தால் எடுப்பாக இருக்கும்?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். கையில் ஆறு மாதக் குழந்தை வேறு இருக்கிறதாம்.

சகோதரி, நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பதினைந்து நாளுக்குள் பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள். அவசரப்பட்டு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள், உங்களுக்கே புரியும்.

2019-ம் வருஷம். பெண் தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்று வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்டினோம். ஐப்பசிக் கடைசியில் உள் பூச்சு முடிந்தது. கார்த்திகையில் வளைகாப்பு. சம்பந்தி வீட்டார் கண்ணில் வெறும் சிமென்ட் சுவர் படுவதாவது என்று எனக்கு ஒரே பரபரப்பு! பெயிண்டர் வந்தார். வயதானவர், அனுபவசாலி. சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"அம்மா, சுவரு இன்னும் சில்லுனு இருக்கு. மழையும் விட்டபாடில்லே. தை பொறந்து அடிச்சுக்கலாம்மா."

"அதெல்லாம் காஞ்சாச்சு. பாருங்களேன், எப்படி வெளுத்துப் போச்சு! நீங்க ஆரம்பிங்க" என்றேன்.

"அவர் சொல்றதைத்தான் கொஞ்சம் கேளேன்" என்றார் என்னவர். நான் கேட்டால்தானே!

வளைகாப்பன்று அறை இளமஞ்சளில் பளபளவென்று இருந்தது. எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. தையில் பேத்தி பிறந்தாள். மாசியில் ஒருநாள் காலை பார்க்கிறேன், தொட்டிலை ஒட்டிய சுவரில் அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளங்கள்! விரலால் தொட்டதும் பெயிண்ட் ஏடு ஏடாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் வெள்ளை வெளேரென்று உப்பு. குழந்தையின் விரிப்பிலெல்லாம் அந்தத் தூள். மூலையில் கறுப்பாகப் பூசணம் வேறு.

என் பெண் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அம்மா, குழந்தையை ஹால்லயே போட்டுக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கென்று பார்த்துப் பார்த்துக் கட்டிய அறை! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்படி என்னதான் தப்பு நடந்தது? மொட்டை மாடியில் வடாம் இடுகிறோம். ஒரே நாள் வெயிலில் மேலே காய்ந்துவிட்ட மாதிரிதான் தெரியும். அதை நம்பி டப்பாவில் போட்டு மூடினால் நாலு நாளில் பூசணம் பூத்துவிடாதா? சுவரும் அப்படியேதான். சிமென்ட் பூச்சு நன்றாக இறுக வேண்டும் என்று குறைந்தது 7 நாளாவது தண்ணீர் விட்டு நனைக்கிறார்கள். அந்தத் தண்ணீரெல்லாம் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அதற்கு நனைப்பு முடிந்து நான்கு வாரமாவது விட வேண்டும். மழைக்காலமானால் அதற்கு மேலும் ஆகும். மேலே வெளுத்திருப்பதைப் பார்த்து ஏமாந்தால் என் கதைதான்!

ஈரம் உள்ளேயே இருக்கும்போது பெயிண்டால் மூடிவிட்டால் அது சும்மா இருக்காது. சுவருக்குள் இருக்கும் உப்பைக் கரைத்து இழுத்துக்கொண்டு வெளியே வரும். தண்ணீர் ஆவியாகிப் போகும். உப்பு மட்டும் தங்கிப் பெயிண்டைத் தள்ளிவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. சிமென்ட் இறுகும்போது அதில் சுண்ணாம்புக் காரம் உண்டாகிறது. எண்ணெய் கலந்த பெயிண்டை ஈரச் சுவரில் அடித்தால், எண்ணெயும் காரமும் சேர்ந்து என்ன ஆகும்? சோப்புதான்! நிறம் திட்டுத்திட்டாக மாறும், பெயிண்ட் பிசுபிசுத்து உரியும்.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு போன்ற தொல்லைகள் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்லுகிறது. கைக்குழந்தை உள்ள வீட்டில் இதை அலட்சியம் செய்யலாமா?

சுவர் காய்ந்ததா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒருநாள் முழுக்க அப்படியே விட்டு, மறுநாள் பிரித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். தரையோரம், குளியலறைப் பக்கத்துச் சுவர், வெயில் படாத மூலை இங்கெல்லாம் தவறாமல் பாருங்கள். சீக்கிரம் காயட்டும் என்று அனல் காட்ட வேண்டாம், பூச்சு வெடித்துவிடும். ஜன்னல்களைத் திறந்து காற்றோட விடுங்கள், போதும்.

இனி வேலைக்கு வருவோம். உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டிவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள்தான் போகும். பிறகு மணல் உதிராமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பிரைமர். "அது எதுக்கு அக்கா தண்டச் செலவு?" என்று பலர் கேட்கிறார்கள். புது தோசைக்கல்லைப் பழக்காமல் தோசை வார்ப்போமா? புதுப் பூச்சுக்குத் தாகம் அதிகம். நேராகப் பெயிண்ட் அடித்தால் ஓரிடத்தில் நிறைய உறிஞ்சும், இன்னோரிடத்தில் குறைவாக உறிஞ்சும். நிறம் திட்டாகும், விலை உயர்ந்த பெயிண்டும் கூடுதலாகச் செலவாகும். பிரைமர் அந்தத் தாகத்தை அடக்கி, மேலே வரும் பெயிண்டைப் பிடித்துக்கொள்ளும். கடையில் சிமென்ட் சுவருக்கான பிரைமர், காரம் தாங்கக்கூடிய ஆல்கலி ரெசிஸ்டன்ட் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள். எவ்வளவு தண்ணீர் கலப்பது, எத்தனை மணி நேரம் காயவிடுவது எல்லாம் டின்னிலேயே போட்டிருக்கும். மோரைப் பெருக்குகிற மாதிரி தண்ணீரைப் பெருக்க விடாதீர்கள்!

பட்டி பார்ப்பதானால் மெல்லிசாக இரண்டு கை போதும். அதைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் ரொம்ப நைசு. குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. தேய்ப்பவரும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளட்டும். பட்டிக்கு மேல் இன்னொரு கை பிரைமர், அது காய்ந்ததும் எமல்ஷன் இரண்டு கை.

கணக்கையும் நாமே போடலாம். 10 அடிக்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால், சுற்றளவு 44 அடி, நாலு சுவரும் 440 சதுர அடி. கதவுக்கும் ஜன்னலுக்கும் சுமார் 40 கழித்தால் 400. கூரை 120. ஆக மொத்தம் 520 சதுர அடி. டின்னில் லிட்டருக்கு எவ்வளவு பரப்பு என்று போட்டிருப்பதோடு ஒத்துப் பார்த்து வாங்கினால் வீணாகாது.

பெயிண்ட் டின்னில் இன்னொன்றும் கவனியுங்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதனால் நம் நாட்டில் 2016-ல் விதி கொண்டுவந்து, 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். பத்து லட்சம் பங்குக்கு 90 பங்கு என்று அர்த்தம். டின்னில் அது குறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடித்தபின் வாசனை போகிறவரை கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த அறையில் படுக்க வேண்டாம்.

எங்கள் அறையை அந்தச் சித்திரை வெயிலில் முழுக்கச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, மறுபடி முதலிலிருந்து செய்தோம். ஒரு செலவு இரண்டு செலவாயிற்று. அதே பெயிண்டர்தான் வந்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப சரியா இருக்கும்மா" என்றார். அந்தச் சுவர் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

ஆகவே சகோதரி, நல்ல நாளைத் தள்ளிப்போட வேண்டாம். வெறும் சிமென்ட் சுவரோடேயே பால் காய்ச்சுங்கள். வாசலில் மாக்கோலமும் மாவிலைத் தோரணமும் இருந்தால் வீட்டுக்கு லட்சுமி களை தானே வந்துவிடும். வந்தவர்கள் கேட்டால், "சுவர் காய்கிறது" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அது காய்வதற்குள் என்ன நிறம் என்று நாம் இரண்டு பேரும் நிதானமாக யோசிக்கலாம்!