படலம் வாகனத்திற்கா, பெருமைக்கா?



புதிய கார் வாங்கும் குடும்பத்தாரின் கையில் இன்று சாவிக்கு முன்னரே ஒரு விலைப்பட்டியல் வந்து சேர்கிறது. பிபிஎஃப் எனப்படும் பெயிண்ட் பாதுகாப்புப் படலம் அதில் முதலிடம் பெறுகிறது. கார் முழுவதும் ஒட்டுவதற்கான செலவு பல இடங்களில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. கையில் பணம் இல்லையென்றால் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வட்டிக்கு அஞ்சி, ஆண்டுக்கணக்கில் சேமித்து வாகனம் வாங்கிய குடும்பம்கூட ஒரு பிளாஸ்டிக் தாளுக்காக வட்டியின் வாசலை மிதிக்க நேர்கிறது. இதைக் கண்டும் நாம் வாய்மூடி இருப்பதற்கில்லை.

படலம் போலியான பொருள் என்று நாம் கூறவில்லை. 1960களில், வியட்நாம் போர்க்காலத்தில், அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர்களின் விசிறி இறக்கைகளை மணலும் கல்லும் அரித்துவிடாமல் காப்பதற்கே இத்தகைய படலம் முதலில் பயன்பட்டது. காருக்கு வரும் நல்ல படலம் டிபியு என்ற பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்தது. அதன் தடிமன் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான். பெயிண்டின் மேலுள்ள கிளியர் கோட் ஏறத்தாழ 50 மைக்ரான் மட்டுமே. எனவே படலத்தின் பயன் உண்மையானது.

ஆனால் சிந்தியுங்கள்: அந்த ஹெலிகாப்டரை எவரும் முழுவதுமாகப் போர்த்தவில்லை. மணல் வந்து மோதும் விளிம்பை மட்டுமே காத்தார்கள். நம் காரின் கூரையில் எந்தச் சாலையின் கல் வந்து மோதுகிறது? சந்துக்குள் இருசக்கர வாகனம் இடித்து விழும் பள்ளத்தை எந்தப் படலம் தடுக்கிறது? தேவையற்ற இடத்திற்குப் படலம் போர்த்துவது வீண்விரயம். அதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் சூட்டுவதால் அது தேவையாகிவிடாது.

கீறல் விழும் இடங்களை நாம் அறிவோம். மோதிரமும் நகமும் உரசும் கதவுக் கைப்பிடிக் குழி, சுவரில் இடிபடும் கதவு விளிம்பு, பெட்டிகளை ஏற்றி இறக்கும் டிக்கி வாயில் ஆகியவையே அவை. இவற்றுக்கு அளவாக வெட்டப்பட்ட சிறு துண்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றை ஒட்டும் வேலை நம் கைக்கு எட்டாததன்று.

முதலில் அந்த இடத்தை நன்கு கழுவி, ஐசோபுரோப்பைல் திரவத்தால் துடைத்து, மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் நீக்க வேண்டும். காற்றும் வெயிலும் இல்லாத நிழலிடம் வேண்டும். குழந்தைகளுக்கான ஷாம்பு சில துளிகள் கலந்த நீரைப் பெயிண்ட் மீதும், படலத்தின் பசைப்பக்கத்திலும், விரல்களிலும் தாராளமாகத் தெளித்தால் படலம் வழுக்கி நகர்ந்து சரியான இடத்தில் அமரும். பின்னர் ரப்பர் ஸ்குவீஜியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நீரைத் தள்ள வேண்டும். மிஞ்சும் சிறு நீர்க்குமிழிகள் சில நாட்களில் தாமாகவே வற்றிவிடும். ஒரு வாரம் காரைக் கழுவாதிருத்தல் நலம். பெயிண்ட் மீது வைத்துப் பிளேடால் வெட்டுவது மட்டும் கூடவே கூடாது. காக்க வந்தவர் கையாலேயே ஆழமான கீறல் விழுந்துவிடும். மறுபெயிண்ட் அடித்த பகுதியிலும் எச்சரிக்கை தேவை. படலத்தை உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரக்கூடும்.

முதல்முறை நாம் ஒட்டியபோது மாலைக் காற்றில் தூசு புகுந்து, கைப்பிடிக் குழியில் மணல்மணியாய்த் தெரிந்தது. உரித்து எறிந்துவிட்டு, மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் காற்று அடங்கிய வேளையில் வேறொன்றை ஒட்டினோம். இழப்பு ஒரு சிறு துண்டு. முழுக் காருக்கும் வாங்கி, இணையக் காணொளியைப் பார்த்துக்கொண்டே ஒட்டத் துணிந்திருந்தால் இழப்பு எவ்வளவு ஆகியிருக்கும்! ஆகவே 'எல்லாவற்றையும் நாமே செய்வோம்' என்ற வீம்பையும் நாம் ஏற்கவில்லை. பம்பரின் வளைவுகளுக்குப் பயின்ற கை வேண்டும். அங்கே உழைப்பாளிக்கு உரிய கூலியை மனமுவந்து கொடுப்போம்.

வணிகம் செய்யும் சகோதரர்களிடமும் ஒன்று கேட்கிறோம். விரைவில் மஞ்சளித்து இறுகிப்போகும் பிவிசி தாளை டிபியு என்று சொல்லி விற்பது திறமையா, மோசடியா? பொருளின் குறையை மறைத்து விற்ற பணத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்? வாங்குவோரும் சுருளின் பெட்டியையும் உத்தரவாதச் சான்றையும் கேட்டுப் பார்க்கத் தயங்கக் கூடாது.

'வீட்டு வாசலில் கையில் ஸ்குவீஜியோடு நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?' என்று கூசுவோரும் நம்மிடையே உண்டு. தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்ட நபி (ஸல்) அவர்களின் உம்மத்திற்கு இந்தக் கூச்சம் பொருந்துமா? பிள்ளைகளை அருகில் நிறுத்தி நீர் தெளிக்கச் சொல்லுங்கள். பொருளைப் பேணுவது எப்படி என்பதை அவர்கள் அங்கே கற்பார்கள்.

வாகனம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணுவோம். அதன் பளபளப்புக்காகக் கடனாளியாக மாட்டோம் என்று, அந்த விலைப்பட்டியல் நீட்டப்படும் இடத்திலேயே சொல்லிவிடுவோம்.